முகதாட்சண்யம் நுழையாத மேசை: தமிழ் ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு வழிகாட்டி

"நல்ல கட்டுரைதானம்மா. அடுத்த இதழிலேயே வந்துவிட்டால் பிள்ளைக்கு உதவியாக இருக்கும்." எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஐயா ஒருவர், தம் மாணவி ஒருவரின் கட்டுரைக்காகத் தொலைபேசியில் இப்படிக் கேட்டார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கோலாலம்பூரில் நாங்கள் நடத்தும் தமிழ் ஆய்விதழுக்கு நான் நிர்வாக ஆசிரியராகி அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. கட்டுரையை ஒரே ஒருவருக்கு மதிப்பாய்வுக்கு அனுப்பினேன். அவரும் ஐயாவின் பழைய மாணவர். ஐந்தாம் நாள் "வெளியிடலாம்" என்று ஒற்றை வரி வந்தது. இதழ் அச்சாகி இரண்டு மாதம் கழித்து, ஈப்போவிலிருந்து ஒரு வாசகர் ஒளிநகல் கட்டு ஒன்றை அனுப்பியிருந்தார். கட்டுரையின் நடுப்பகுதி முழுவதும் வேறொருவருடைய முதுகலை ஆய்வேட்டில் வரி மாறாமல் இருந்தது.

ஐயாவுக்கு மாணவிமேல் அன்பு, எனக்கு ஐயாமேல் மரியாதை, மதிப்பாய்வாளருக்கு எங்கள் எல்லார்மேலும் பாசம். இவை எல்லாம் சேர்ந்து யாரோ ஒருவரின் மூன்றாண்டு உழைப்பைக் களவு கொடுத்துவிட்டன. முகதாட்சண்யம் என்று இதைத்தான் சொல்கிறோம். ஆய்விதழுக்கு இதைவிடப் பெரிய பகை எதையும் நான் பார்த்ததில்லை.

நம் வட்டம் சிறியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை, தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், ஆசிரியர் கல்விக் கழகங்கள், சில தனியார் கல்லூரிகள் என்று எண்ணினால் தமிழாய்வில் இருக்கும் எல்லாரும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராகவோ மாணவராகவோ சம்பந்தியாகவோ இருப்பார்கள். ஆனால் நமக்குப் பின்னால் இருக்கும் மரபு பெரியது. 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கித் தமிழாய்வை உலக அறிஞர்கள் முன் வைத்த தனிநாயகம் அடிகள், பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கினார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966இல் நடந்ததும் இதே கோலாலம்பூரில்தான். அந்த ஊரில் இதழ் நடத்துகிறவர்கள் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நடத்தக் கூடாது. நான் தவறிக் கற்றதையும் பிறரிடம் கேட்டுக் கற்றதையும் வேலை நடக்கும் வரிசையிலேயே தருகிறேன்.

முதல் படி: இதழ் பிறக்கும் முன்பே நெறிகளை எழுதுங்கள்

எந்தத் துறைக் கட்டுரைகளை ஏற்பீர்கள், மதிப்பாய்வு எப்படி நடக்கும், கட்டணம் உண்டா, பதிப்புரிமை யாரிடம் இருக்கும், புகார் யாரிடம் சொல்ல வேண்டும் என்பவை முதல் கட்டுரை வந்து சேருமுன் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு கட்டுரை சிக்கலான பிறகு எழுதப்படும் விதி, அந்தக் கட்டுரையாளருக்கு எதிராகவோ ஆதரவாகவோ எழுதியதாகவே பார்க்கப்படும்.

எல்லாவற்றையும் நாமே புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. 1997இல் பிரிட்டனில் இதழாசிரியர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய பதிப்பு நெறிமுறைக் குழு, 'கோப்' என்று சுருக்கமாக அறியப்படுவது, கருத்துத் திருட்டு முதல் கட்டுரைக்கு யார் ஆசிரியர் என்ற தகராறு வரை எந்தச் சிக்கலில் எந்த வரிசையில் நடப்பது என்பதற்குப் படம் வரைந்தே காட்டியிருக்கிறது. அதைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் விதி, கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவுக்கு வராது.

ஐஎஸ்எஸ்என் எண்ணை மலேசியத் தேசிய நூலகத்தில் பெற வேண்டும். அச்சுக்கு ஒன்று, இணையத்துக்கு ஒன்று எனத் தனித்தனி எண்கள். 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இதழின் படிகளை அங்கே ஒப்படைக்கவும் வேண்டும். ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதாலேயே இதழ் தரமானதென்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் அடையாள எண். வண்டிக்குப் பதிவு எண் இருப்பதுபோல.

கட்டணம் வாங்குவதானால் தொகையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்கிறவருக்குப் பணம் வந்ததா என்பது தெரியவே கூடாது. 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஒரு செய்தியாளர் வேண்டுமென்றே பிழைகள் நிரப்பிய ஒரு போலிக் கட்டுரையை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. பணத்தையும் முடிவையும் ஒரே கையில் வைத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

இரண்டாம் படி: யாருக்கு என்ன வேலை, எது வரை

வெளியீட்டாளர் ஒரு துறையாகவோ சங்கமாகவோ இருக்கலாம். பணம், அச்சு, இணையத்தளம் அவர்கள் பொறுப்பு. எந்தக் கட்டுரை வெளிவர வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சொல் இல்லை. சங்கத் தலைவரின் கட்டுரையும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

முதன்மை ஆசிரியர்தான் ஏற்பு, மறுப்பு இரண்டிலும் இறுதி முடிவு எடுப்பவர். மதிப்பாய்வாளர்கள் கருத்துச் சொல்வார்கள்; முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் இவர். "மதிப்பாய்வாளர் மறுத்துவிட்டார், நான் என்ன செய்வது" என்று முதன்மை ஆசிரியர் சொன்னால் அவர் தம் நாற்காலியில் இல்லை என்றே பொருள்.

இலக்கணம், இலக்கியம், கல்வியியல், வரலாறு என்று பிரித்துத் துறை ஆசிரியர்களை அமர்த்துங்கள். மதிப்பாய்வாளரைத் தேர்ந்தெடுப்பதும் அறிக்கைகளைப் படித்துப் பரிந்துரைப்பதும் அவர்கள் வேலை. நிர்வாக ஆசிரியர் பதிவேடு, கடிதங்கள், காலக்கெடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வார். அவருக்குத்தான் கட்டுரையாளர் பெயரும் மதிப்பாய்வாளர் பெயரும் சேர்ந்து தெரியும் என்பதால், வாய் இறுக்கமான ஆளாக இருக்க வேண்டும்.

ஆலோசனைக் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையின் உட்புறத்தில் பதினைந்து பேராசிரியர்களின் பெயரைப் போட்டுவிட்டு அவர்களில் பாதிப் பேருக்குச் சொல்லாமலே இருக்கும் இதழ்களைப் பார்த்திருக்கிறேன். இது வாசகருக்குச் சொல்லும் பொய். ஒவ்வொருவரிடமும் பணியின் விவரமும் காலமும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாண்டு போதும், விரும்பினால் புதுப்பிக்கலாம்.

செம்மையாக்குநரையும் மெய்ப்புத் திருத்துநரையும் கடைநிலைப் பணியாளராக நினைக்காதீர்கள். ஒருமுறை கேரித் தீவுத் தோட்டத்துப் பாட்டி ஒருவரின் பேச்சை அப்படியே பதிந்த கட்டுரையில், எங்கள் செம்மையாக்குநர் 'கித்தா' என்று வந்த இடமெல்லாம் 'ரப்பர்' என்று மாற்றிவிட்டார். கட்டுரையே மலேசியத் தோட்டத் தமிழின் சொற்களைப் பற்றியது. தரவே அழிந்துபோனது. மெய்ப்பைக் கட்டுரையாளர் பார்த்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து ஒரு விதி: எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை தவிர எந்த மாற்றமும் கட்டுரையாளரின் ஒப்புதலோடு மட்டும், மேற்கோளுக்குள் கை வைக்கவே கூடாது.

மூன்றாம் படி: கட்டுரை வந்த நாள்

வந்த அன்றே ஓர் எண் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்ஆப்பில் வந்தாலும், நேரில் கொடுத்தாலும், பெரியவர் ஒருவர் வழியாக வந்தாலும் இதழின் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லுங்கள். "ஐயா, அனுப்பினால்தான் எண் விழும்" என்று பணிவாகச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. அந்த எண்தான் வரிசையைக் காக்கும்.

கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம் வாங்க வேண்டும். கட்டுரை வேறெங்கும் வெளிவரவில்லை, இப்போது வேறு இதழின் பார்வையிலும் இல்லை, ஆசிரியர் பட்டியலில் உள்ள அனைவரும் படித்து ஒப்பினார்கள், பண உதவி இன்னாரிடம் பெறப்பட்டது, செயற்கை நுண்ணறிவுக் கருவியை இன்ன வேலைக்குப் பயன்படுத்தினோம் என்பவை அதில் வரட்டும். அத்தகைய கருவிகளை ஆசிரியராகக் காட்ட முடியாது என்று கோப் 2023இல் தெளிவாக அறிவித்துவிட்டது. கட்டுரைக்குப் பொறுப்பேற்க அவற்றால் முடியாது என்பதே காரணம். இந்தக் கருவிகள், உலகில் இல்லவே இல்லாத நூல்களைத் துணைநூற் பட்டியலில் சேர்க்கும் பழக்கம் உடையவை. ஆகவே ஒவ்வொரு கட்டுரையிலும் ஐந்து நூல்களையாவது நாங்கள் தேடிப் பார்த்து உறுதி செய்கிறோம்.

பிறகு பெயர் மறைத்தல். தலைப்புக்குக் கீழே உள்ள பெயரை நீக்கினால் போதாது. கணினிக் கோப்பின் பண்புகளில் கட்டுரையாளர் பெயர் ஒளிந்திருக்கும். "எனது முந்தைய கட்டுரையில் நிறுவியதுபோல" என்ற வரி முகவரியையே சொல்லிவிடும். நன்றியுரையை எடுத்துத் தனியே வையுங்கள்.

நான்காம் படி: ஒப்புமைச் சோதனையை எப்படிப் படிப்பது

கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிட்டின் போன்ற மென்பொருள் தரும் விழுக்காட்டைப் பார்த்து முடிவெடுப்பது தமிழ்க் கட்டுரைகளில் பெரும் தவறு. சங்கப் பாடல்களைப் பற்றிய கட்டுரை என்றால் பாடல் வரிகளே ஒப்புமையாகக் காட்டப்படும். மிகவும் நேர்மையாக எழுதியவருக்கு 30 விழுக்காடு வரலாம். மறுபுறம், முழுவதும் களவாடிய கட்டுரைக்கு 4 விழுக்காடும் வரலாம். ஏனென்றால் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல இணையத்திலேயே இல்லை. இருப்பவற்றில் பல வருடிய படங்களாக இருக்கின்றன, அல்லது யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சானவை. மென்பொருளின் கண்ணுக்கு அவை தமிழாகவே தெரியாது. சந்தி பிரித்தோ சேர்த்தோ எழுதினாலும் ஒப்புமை குறைந்துவிடும். மலாயிலோ ஆங்கிலத்திலோ உள்ள ஆய்வேட்டை மொழிபெயர்த்துத் தம்முடையதாகக் காட்டுவது இங்கே நடக்கிற இன்னொரு களவு. அதையும் மென்பொருள் எளிதில் பிடிக்காது.

ஆகவே விழுக்காட்டை விட்டுவிட்டு, எந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று அறிக்கையை வரி வரியாகப் பாருங்கள். நடை திடீரென மாறும் இடத்தைக் கவனியுங்கள். மூலநூலைப் பார்க்காமல் பிறர் காட்டிய மேற்கோளை எடுத்தாள்பவர் அதன் பக்க எண்ணைத் தவறாகத் தருவார். அதுவும் ஒரு தடயம். இவற்றைவிடச் சிறந்த கருவி, அந்தத் துறையில் முப்பது ஆண்டு படித்த ஒரு மூத்தவரின் நினைவாற்றல்.

ஐயம் எழுந்தால் உடனே குற்றம் சாட்டாதீர்கள். இரண்டு பகுதிகளையும் அருகருகே வைத்து, விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுங்கள். மேற்கோள் குறியை விட்டுவிட்ட முதலாமாண்டு மாணவரும், பக்கம் பக்கமாக எடுத்தவரும் ஒன்றல்லர். முன்னவருக்குத் திருத்த வாய்ப்புத் தர வேண்டும். பின்னவர் விஷயத்தில் மறுப்போடு நிற்காமல் அவருடைய நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: நலமுரண்

இதுதான் எனக்கு மிக முக்கியமான படி. உறவோ பகையோ நடுநிலையைக் கெடுக்கக்கூடிய நிலையைத்தான் நலமுரண் என்கிறோம். கட்டுரையாளர் உங்கள் மாணவர், ஆசிரியர், உறவினர், ஒரே துறையில் பணிபுரிகிறவர், அண்மையில் சேர்ந்து எழுதியவர், பகையாளி, இவர்களில் ஒருவர் என்றால் அந்தக் கட்டுரையை நீங்கள் கையாளக் கூடாது. பகையாளியையும் சேர்த்துச் சொல்கிறேன். முகதாட்சண்யத்தின் மறுபக்கம்தான் வன்மம்.

"எனக்கு அவரைத் தெரியும், ஆனாலும் நான் நடுநிலையோடு நடப்பேன்" என்று பலரும் உண்மையாகவே நம்பிச் சொல்கிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் இடமாக இதழை ஆக்க வேண்டாம். விலகுங்கள். விலகியதைப் பதிவேட்டில் எழுதுங்கள். "வேலு ஐயா எங்கள் ஊர்க்காரர், இதை வேறொருவர் பார்க்கட்டும்" என்ற அளவுக்கு ஒரு வரி போதும்.

ஆசிரியர் குழுவினர் தங்கள் இதழிலேயே எழுதலாமா? எழுதலாம், அரிதாக. அப்போது அந்தக் கட்டுரையின் கோப்பு அவர் கண்ணுக்கே படக் கூடாது. வேறொரு துறை ஆசிரியர் முழுப் பொறுப்பேற்பார். அதைக் கட்டுரையின் கீழ் குறிப்பாகவும் அச்சிட வேண்டும். முதன்மை ஆசிரியருடைய கட்டுரை ஒவ்வோர் இதழிலும் வருமானால் அந்த இதழை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்றால் யாரிடம் அனுப்புவது? சிங்கப்பூர், யாழ்ப்பாணம், சென்னை, புதுச்சேரி என்று தமிழாய்வு நடக்கும் இடங்கள் பல. ஒவ்வொரு கட்டுரைக்கும் இருவரில் ஒருவர் மலேசியாவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று நாங்கள் விதித்துக்கொண்டோம். மறுப்புக் கடிதம் எழுதும்போது கை நடுங்குவது அதன்பின் வெகுவாகக் குறைந்தது.

ஆறாம் படி: மதிப்பாய்வு

குறைந்தது இருவர். கருத்து முரண்பட்டால் மூன்றாமவர். நான்கு வாரக் கெடு. மூன்றாம் வாரத்தில் ஒரு நினைவூட்டல். இரட்டை மறைப்பு முறையில் கட்டுரையாளருக்கும் மதிப்பாய்வாளருக்கும் ஒருவர் இன்னொருவரைத் தெரியாது. ஆனால் மதிப்பாய்வாளர் நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டால், அதைச் சொல்லிவிட்டு விலகும் வாய்ப்பு அவருக்கு இருக்க வேண்டும்.

"நன்று", "சுமார்" என்று கட்டம் போடும் படிவத்தால் யாருக்கும் பயனில்லை. எங்கள் படிவத்துக்கு நன்னூலே கைகொடுத்தது. பவணந்தியார் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று நீளும் அந்தப் பட்டியல் இன்றைய ஆய்வுக் கட்டுரைக்கும் அச்சாகப் பொருந்துகிறது. ஒவ்வொன்றின் கீழும் பக்க எண்ணோடு குறிப்பு எழுதச் சொன்னோம். "தொடக்கம் வலுவாக இருக்கிறது; நான்காம் பகுதிக்குமேல் சென்று தேய்ந்து இற்றுவிடுகிறது" என்று எழுதினால் கட்டுரையாளருக்குப் புரிகிறது, புண்படவும் இல்லை. ஆய்வு முறை, தரவு, மூல நூல்களைப் பயன்படுத்திய விதம் ஆகியவற்றுக்குத் தனிக் கேள்விகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை நன்னூலில் இல்லை.

மதிப்பாய்வாளர் கட்டுரையைப் பிறரிடம் காட்டக் கூடாது, அதன் கருத்தைத் தம் எழுத்தில் எடுத்தாளக் கூடாது, செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஏற்றவும் கூடாது. தம் நூல்களை மேற்கோள் காட்டும்படி வற்புறுத்துவதும் முறையன்று. இகழும் சொற்கள் வந்தால் அறிக்கையை அவருக்கே திருப்பியனுப்பி மாற்றி எழுதச் சொல்லுங்கள். இளம் ஆய்வாளர் ஒருவர் முதல் மறுப்பிலேயே பேனாவைக் கீழே வைத்ததைக் கண்டிருக்கிறேன்.

ஏழாம் படி: யார் ஆசிரியர்?

பட்டம் பெறக் கட்டுரை வேண்டும், பதவி உயர்வுக்கும் வேண்டும். அதனால் கட்டுரையை எட்டிப் பாராத பெயர்கள் பட்டியலில் ஏறுகின்றன. மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளை எந்தத் துறைக்கும் பொருத்தலாம்: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் இருந்தால் ஆசிரியர்; இல்லையென்றால் நன்றியுரையில் இடம்.

மேற்பார்வையாளர் பெயரைச் சேர்க்க மாணவர் மறுக்க முடியாது என்பது நம் பண்பாட்டின் உண்மை. இதழ்தான் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் தாம் செய்த வேலையை ஒரு வரியில் தம் கைப்பட எழுதி, தம் மின்னஞ்சலிலிருந்தே அனுப்ப வேண்டும் என்று கேளுங்கள். பல பெயர்கள் தாமாகவே நன்றியுரைக்கு இறங்கிவிடுகின்றன.

எட்டாம் படி: ஆய்வில் வரும் மனிதர்கள்

தமிழ்ப்பள்ளி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு என்றால் கல்வி அமைச்சின் அனுமதிக் கடிதமும், பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், பெற்றோரின் இசைவும் கேளுங்கள். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. பல மிகச் சிறியவை. "உலு சிலாங்கூரில் முப்பது மாணவர் கொண்ட ஒரு தோட்டப்பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவி" என்று எழுதினால் பெயரை மறைத்ததில் பயனே இல்லை. ஊரே அந்தப் பிள்ளையை அடையாளம் கண்டுகொள்ளும். தோட்டப்புறத்து முதியவர்களிடம் வாய்மொழி வரலாறு திரட்டுகிறவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் இசைவுப் படிவத்தில் கைரேகை வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். படித்துக் காட்டி, அவர் சொன்ன இசைவை ஒலிப்பதிவு செய்வதே மரியாதை.

ஒன்பதாம் படி: வெளிவந்த பிறகு தவறு தெரிந்தால்

ஈப்போ வாசகரின் கடிதம் வந்தபோது நாங்கள் முதலில் செய்ததும் தவறுதான். இணையத்தளத்திலிருந்து கட்டுரையைச் சத்தமில்லாமல் அழித்தோம். ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது: அச்சுப் படிகள் நூலகங்களில் இருக்கின்றன, யாரோ ஒருவர் அதை மேற்கோள் காட்டப்போகிறார், ஏன் காணவில்லை என்று அவருக்குத் தெரியாது.

சரியான முறை இது. சிறு பிழையென்றால் திருத்தக் குறிப்பு. விசாரணை நடக்கும்போது ஐயக் குறிப்பு. கட்டுரையை நம்ப முடியாது என்று உறுதியானால் திரும்பப் பெறுதல். திரும்பப் பெற்ற கட்டுரை அதே இணைய முகவரியில் இருக்க வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு. யார் திரும்பப் பெற்றார், என்ன காரணம் என்பதைத் தனி அறிவிப்பாக, கட்டணமின்றிப் படிக்கும்படி வெளியிட வேண்டும். தாமதிக்கவும் கூடாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரையை 'லான்செட்' 1998இல் வெளியிட்டு 2010இல்தான் முழுமையாகத் திரும்பப் பெற்றது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் அச்சத்தில் ஊசி போடாமல் விட்டார்கள் என்று நினைத்தாலே மனம் பதறுகிறது.

மாநாட்டுச் சிறப்பிதழ்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஹிந்தாவி என்ற பதிப்பகம் 2023இல் மட்டும் 8000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. பெரும்பாலானவை சிறப்பிதழ்களில் வந்தவை. விருந்தினர் ஆசிரியரை நம்பிக் கதவைத் திறந்துவிட்டதன் விளைவு. மாநாட்டில் கைதட்டு வாங்கிய கட்டுரையும் மதிப்பாய்வுக்குப் போகத்தான் வேண்டும்.

நாங்கள் கட்டுரையை மீண்டும் ஏற்றி, முத்திரையிட்டு, அறிவிப்பு எழுதினோம். மூல ஆய்வேட்டை எழுதியவருக்கு இதழின் சார்பில் மன்னிப்புக் கடிதம் அனுப்பினோம். மாணவியின் பல்கலைக்கழகத்துக்கும் எழுதினோம். ஐயா நெடுநாள் என்னோடு பேசவில்லை. அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

பத்தாம் படி: பதவி மாறும்போது

இதழின் மின்னஞ்சல் எவருடைய சொந்தக் கணக்காகவும் இருக்கக் கூடாது. கடவுச்சொற்கள், கட்டுரைகளுக்கு நிலையான இணைய அடையாள எண் பெறும் டிஓஐ கணக்கு, மதிப்பாய்வாளர் பட்டியல், நிலுவையில் உள்ள கட்டுரைகள் எல்லாவற்றையும் புதியவரிடம் எழுத்தில் ஒப்படையுங்கள். சென்ற மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை உணவகம் ஒன்றில் அடுத்த நிர்வாக ஆசிரியரோடு அமர்ந்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். முடிவாகாத புகார்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் தனித்தாளில் எழுதி, எந்தத் தேதிக்குள் யாருக்குப் பதில் அனுப்ப வேண்டும் என்று குறித்துக் கொடுத்தேன். அதில் ஒரு புகாரில் என் பெயரும் இருக்கிறது. அதை முதன்மை ஆசிரியர் மட்டும் பார்ப்பார் என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டேன்.